நீண்டதூரக் கார் பந்தயத்தில் அமெரிக்க நிறுவனங்கள்: ஓர் எளிய அறிமுகம்

கார் பந்தயம் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ஃபார்முலா ஒன். அதில் ஓடுபவை ஒற்றை இருக்கையும் மூடப்படாத சக்கரங்களும் கொண்ட வண்டிகள். பந்தயமும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் வேறு வகையைச் சேர்ந்தது. இதில் ஓடும் கார்களின் சக்கரங்கள் உடற்பகுதிக்குள் மூடப்பட்டிருக்கும். இரவிலும் ஓட வேண்டியிருப்பதால் முகப்பு விளக்குகள் இருக்கும். ஒரே காரை இரண்டு அல்லது மூன்று பேர் முறைவைத்து ஓட்டுவார்கள். பந்தயம் ஆறு மணி நேரமோ, பன்னிரண்டு மணி நேரமோ, முழுதாக ஒரு நாளோ நீளும். வேகமாக ஓடுவது மட்டும் இங்கே போதாது. உடையாமல் ஓட வேண்டும், எரிபொருளையும் டயரையும் பிரேக்கையும் கணக்குப் பார்த்துச் செலவிட வேண்டும்.

இந்தப் பந்தயங்களுள் மிகப் புகழ்பெற்றது பிரான்சின் லெ மான் நகரில் 1923 முதல் நடந்துவரும் 24 மணி நேரப் பந்தயம். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயமும் டேட்டோனா 24 மணி நேரப் பந்தயமும் அதே மரபைச் சேர்ந்தவை. இவற்றில் எல்லாக் கார்களும் ஒரே தகுதியில் மோதுவதில்லை. பந்தயத்துக்கென்றே உருவாக்கப்படும் 'புரோட்டோடைப்' வகைக் கார்களும், கடையில் விற்கப்படும் கார்களை அடிப்படையாகக் கொண்ட 'ஜிடி' வகைக் கார்களும் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், தனித்தனிப் பிரிவுகளாக ஓடும். ஆகவே ஒரு கார் பந்தயத்தை முழுமையாக வெல்வது ஒன்று, தன் பிரிவில் வெல்வது இன்னொன்று. இந்த வேறுபாடு தெரியாவிட்டால் அமெரிக்கக் கார்களின் வரலாற்றில் எது பெரிய வெற்றி, எது சிறியது என்று பிரித்தறிய முடியாது.

அமெரிக்காவின் சொந்தப் பந்தய மரபு பெரும்பாலும் நீள்வட்டப் பாதைகளில் வளர்ந்தது. இண்டியானாபொலிஸ் பந்தயமும் பின்னாளில் நாஸ்கார் பந்தயத் தொடரும் அந்த மரபின் தூண்கள். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் பந்தயமோ பொதுச் சாலைகளிலிருந்து பிறந்தது. இடமும் வலமுமான வளைவுகள், நெடிய நேர்ச்சாலைகள், கடுமையான பிரேக், மழை, இருட்டு ஆகிய அனைத்தும் அதில் உண்டு. அமெரிக்கக் கார் தொழிலின் மையமான டெட்ராய்டின் பெரும் நிறுவனங்கள் இந்த அயல்களத்துக்குத் தங்கள் பெயரிலேயே வெளிப்படையாக வந்த காலங்கள் குறைவு. பல வேளைகளில் நிறுவனம் கொடுத்தது எஞ்சினும் பணமும்தான். அந்த எஞ்சினைப் பந்தயத்துக்குக் கொண்டுபோனவர்கள் தனிமனிதர்களும் சிறு பட்டறைகளும் ஆவர். இந்த வரலாற்றைப் படிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் காரை யார் கட்டினார்கள், செலவை யார் ஏற்றார்கள் என்று கேட்டுக்கொண்டால் பல குழப்பங்கள் தாமே தெளியும்.

தொடக்கம் நம்பிக்கை தருவதாகவே இருந்தது. 1928ஆம் ஆண்டு லெ மானில் ராபர்ட் பிளாக்கும் எட்வர் பிரிஸானும் ஓட்டிய ஸ்டட்ஸ் கார், வலிமை மிக்க பென்ட்லி அணியைக் கடைசி வரை விரட்டி இரண்டாம் இடத்தைப் பிடித்தது. அதே ஆண்டில் கிரைஸ்லர் கார்கள் மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றன. ஆனால் பொருளாதாரப் பெருமந்தம் ஸ்டட்ஸ் போன்ற விலையுயர்ந்த கார் நிறுவனங்களையே அழித்துவிட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தத் தொடக்கத்தைத் தொடர்ந்து எடுத்துச் செல்ல ஆளில்லை.

மீண்டும் கதவைத் தட்டியவர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம். அமெரிக்கர்கள் ஓட்டும் அமெரிக்கக் காரால் லெ மானை வெல்ல வேண்டும் என்பதே இந்தச் செல்வந்தரின் ஒரே இலக்கு. 1950இல் அவர் இரண்டு காடிலாக் கார்களைக் கொண்டுசென்றார். ஒன்று கடையில் கிடைக்கும் கூபே. மற்றொன்றுக்குக் காற்றுத்தடையைக் குறைக்கும் தட்டையான, அகலமான புதிய உடலைக் குரும்மன் விமான நிறுவனத்தைச் சேர்ந்த பொறியாளர் ஒருவரின் உதவியோடு பொருத்தியிருந்தார்கள். அதன் தோற்றத்தைக் கண்ட பிரெஞ்சு மக்கள் அதற்கு 'அரக்கன்' என்று பெயர் வைத்தார்கள். வழக்கமான கூபே பத்தாவதாகவும் அரக்கன் பதினோராவதாகவும் வந்தன. முதல் முயற்சியிலேயே இரண்டு கார்களும் 24 மணி நேரமும் ஓடி முடித்தது சிறிய செய்தியன்று.

அதன்பின் கன்னிங்ஹாம் புளோரிடாவில் பட்டறை அமைத்துத் தம் பெயரிலேயே கார்களைக் கட்டினார். அவற்றுக்குக் கிரைஸ்லரின் 5.4 லிட்டர் வி8 எஞ்சினைப் பயன்படுத்தினார். 1952இல் பந்தயத்தின் 24 மணி நேரத்தில் சுமார் 20 மணி நேரத்தைத் தாமே ஓட்டி நான்காம் இடம் பெற்றார். 1953ஆம் ஆண்டு அவருடைய உச்சம். அந்த ஆண்டுதான் உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப் தொடங்கியது; அதன் முதல் பந்தயமான செப்ரிங்கை ஜான் ஃபிட்சும் ஃபில் வால்டர்ஸும் கன்னிங்ஹாம் சி-4ஆர் காரில் வென்றார்கள். சில மாதங்களில் லெ மானில் அதே இணை மூன்றாம் இடம் பெற்றது. நேர்ச்சாலையில் அவர்களுடைய காரை மிஞ்சும் வேகம் மற்றவர்களிடம் அரிதாகவே இருந்தது. ஆனால் வென்ற ஜாகுவார் கார்களில் டிஸ்க் பிரேக் இருந்தது. கன்னிங்ஹாமின் காரில் இருந்தவை பழைய டிரம் பிரேக்குகள். நேர்ச்சாலையின் முடிவில் வளைவுக்கு மிக அருகில் வந்தபின் பிரேக் பிடிக்கும் துணிவு ஜாகுவார் ஓட்டுநர்களுக்கு இருந்தது. கன்னிங்ஹாம் அணியினரோ முன்னதாகவே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. வலிமையான எஞ்சின் தேடித்தந்த நேரத்தைப் பிரேக் விழுங்கிவிட்டது என்பதுதான் அந்தத் தோல்வியின் சுருக்கம்.

இங்கே அந்த எஞ்சினைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எழுபது ஆண்டுக்கால வரலாற்றை இணைக்கும் இழை அதுவே. வி8 என்பது நான்கு நான்காக இரு வரிசைகளில், ஆங்கில வி எழுத்தின் வடிவில் சாய்த்து அமைக்கப்பட்ட எட்டு சிலிண்டர்களைக் கொண்ட எஞ்சின். ஃபெராரி போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் சிறிய கொள்ளளவுள்ள எஞ்சினை மிக வேகமாகச் சுழலவைத்து ஆற்றலைப் பெற்றன. அதற்கு நுட்பமான பாகங்களும் கைவேலையும் தேவைப்பட்டன. அமெரிக்க நிறுவனங்களோ குடும்பக் கார்களுக்காக லட்சக்கணக்கில் வார்த்த பெரிய வி8 எஞ்சின்களைக் கையில் வைத்திருந்தன. அவை மெதுவாகச் சுழன்றாலும் கொள்ளளவு மிகுதியால் பெரும் முறுக்குவிசையைத் தரும். பாகங்கள் எளியவை, விலை குறைவு, நீண்டநேரம் ஓடினாலும் திணறுவதில்லை. குறை என்னவென்றால் அவை கனமானவை. எஞ்சின் கனத்தால் காரும் கனக்கும், கார் கனத்தால் பிரேக்கும் டயரும் விரைவில் தேயும். பெரிய எஞ்சினை இலேசான காருக்குள் எப்படி வைப்பது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களே அமெரிக்காவுக்கு வெற்றி தேடித் தந்தார்கள்.

அந்த விடை கிடைப்பதற்கு முன் நிறுவனங்களே களத்தைவிட்டு விலகின. 1957 மார்ச்சில் செப்ரிங்கில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்வெட் எஸ்எஸ் என்ற சிறப்புக் காரை ஓட்டியது. ஸோரா ஆர்குஸ்-டன்டோவ் என்ற பொறியாளரின் உருவாக்கமான அது 23 சுற்றுகளிலேயே நின்றுபோனது. அதே ஆண்டு ஜூனில், அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் சங்கம் உறுப்பு நிறுவனங்கள் பந்தயத்துக்கு ஆதரவளிப்பதையும் வேகத்தை விளம்பரப்படுத்துவதையும் நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்தது. டன்டோவ் ஓயவில்லை. 1960இல் கன்னிங்ஹாம் கொண்டுசென்ற மூன்று கார்வெட்டுகளில் ஒன்று லெ மானில் எட்டாவதாக வந்து தன் பிரிவையும் வென்றது. 1963 வாக்கில் டன்டோவ் 'கிராண்ட் ஸ்போர்ட்' என்ற இலேசான கார்வெட்டைக் கட்டத் தொடங்கினார். ஜிடி பிரிவில் ஓட ஒரு மாதிரியில் குறைந்தது 100 கார்களேனும் தயாரித்திருக்க வேண்டும் என்பது அன்றைய சர்வதேச விதி. இதைத்தான் ஹோமோலோகேஷன் என்று அழைக்கிறார்கள். டன்டோவ் 125 கார்கள் கட்டத் திட்டமிட்டார். மேலிடம் தடையை மீண்டும் வலியுறுத்தியதால் ஐந்து கார்களோடு திட்டம் நின்றது.

தடையைச் சுற்றிச் செல்லும் வழியை ஃபோர்டுக்குக் காட்டியவர் கரோல் ஷெல்பி. டெக்ஸஸைச் சேர்ந்த இவர் 1959இல் ராய் சால்வடோரியோடு ஆஸ்டன் மார்ட்டின் காரில் லெ மானை வென்றவர். இதய நோயால் அடுத்த ஆண்டே ஓட்டுவதை நிறுத்தியவர். இங்கிலாந்தின் சிறு நிறுவனமான ஏசி தன் இலேசான ஏஸ் காருக்கு எஞ்சின் கிடைக்காமல் தவித்தது. ஃபோர்டிடம் புதிய சிறிய வி8 இருந்தது. இரண்டையும் ஷெல்பி இணைத்தார். 1962இல் பிறந்த அந்தக் காரின் பெயர் கோப்ரா. வளைவுகள் நிறைந்த குறுகிய பாதைகளில் அது ஃபெராரியின் ஜிடி பிரிவுக் காரான ஜிடிஓவை மிரட்டியது. ஆனால் திறந்த கூரையுடைய அதன் உடல் லெ மானின் ஆறு கிலோமீட்டர் நேர்ச்சாலையில் காற்றை எதிர்த்துத் தடுமாறியது. பீட் பிராக் என்ற இளைஞர் பின்பகுதி வெட்டுண்டாற்போன்ற மூடிய உடலொன்றை வரைந்தார். அந்த டேட்டோனா கூபே ஆறு மட்டுமே கட்டப்பட்டன. அவற்றுள் ஐந்தின் உடல்கள் ஃபெராரியின் சொந்த ஊர்ப்பகுதியான மோடெனாவில் உருவாயின. 1964இல் லெ மானில் டான் கர்னியும் பாப் பான்டுராண்டும் ஜிடி பிரிவை வென்று மொத்தத்தில் நான்காவதாக வந்தார்கள். 1965 ஜூலை 4ஆம் நாள் பிரான்சின் ரீம்ஸ் நகரில், பெரிய ஜிடி கார்களுக்கான உலகப் பட்டம் ஷெல்பி அணிக்கு உறுதியானது. அமெரிக்கத் தயாரிப்பாளர் ஒருவர் அந்தப் பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் முறை.

இதற்கிடையில் ஃபோர்டு தலைவர் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு சங்கத் தடையிலிருந்து வெளிப்படையாக விலகி, 1963இல் ஃபெராரி நிறுவனத்தையே விலைக்கு வாங்க முயன்றார். பந்தய அணியின் மீதான அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியில் என்ஸோ ஃபெராரி பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார். வாங்க முடியாததைத் தோற்கடிப்பது என்று ஃபோர்டு முடிவெடுத்தது. இங்கிலாந்தில் எரிக் பிராட்லியின் லோலா காரை அடிப்படையாகக் கொண்டு ஜிடி40 உருவானது. 40 அங்குல உயரமே பெயருக்குக் காரணம். 1964இல் லெ மானுக்கு வந்த மூன்று கார்களும் முடிவை எட்டவில்லை. 1965இலும் அதே கதி. பணத்தால் மட்டும் நீண்டதூரப் பந்தயத்தை வெல்ல முடியாது என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் காட்டின.

என் கணிப்பில் 1966ஆம் ஆண்டு வெற்றியின் வேர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. பொறுப்பு ஷெல்பியிடம் வந்தபின், காரில் ஏழு லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய வி8 எஞ்சின் பொருத்தப்பட்டது. ஃபோர்டு பொறியாளர்கள் அந்த எஞ்சினைச் சோதனை மேடையில் ஏற்றி, லெ மானின் ஒரு சுற்றில் எங்கே கியர் மாற்ற வேண்டும், எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதையெல்லாம் அப்படியே நிகழ்த்தி, ஒரு முழுப் பந்தய நேரத்துக்கும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். எது எப்போது உடைகிறது என்று தெரிந்துகொண்டு திருத்தினார்கள். கன்னிங்ஹாமை வீழ்த்திய பழைய எதிரியான பிரேக் இங்கும் சிக்கலாக வந்தது. கனமான காரை நிறுத்தி நிறுத்தி டிஸ்க்குகள் சிவக்கச் சூடேறி விரிசல் விட்டன. ஷெல்பி அணியின் ஃபில் ரெமிங்டன், எரிபொருள் நிரப்ப நிற்கும் நேரத்திலேயே பிரேக் பாகங்களைக் கழற்றி மாற்றும் அமைப்பை உருவாக்கினார். பிரேக் தேயும் என்பதை ஏற்றுக்கொண்டு, தேய்ந்ததை விரைந்து மாற்றுவது என்ற அந்தத் தீர்வு பொறியியல் அறிவின் சிறந்த சான்று.

அந்த ஆண்டு டேட்டோனாவையும் செப்ரிங்கையும் கென் மைல்ஸும் லாயிட் ரூபியும் வென்றிருந்தார்கள். லெ மானில் மார்க் 2 என்று பெயரிட்ட இந்த ஏழு லிட்டர் கார்கள் எட்டு இறங்கின; முடித்தவை மூன்று, அந்த மூன்றும் முதல் மூன்று இடங்களைப் பிடித்தன. கடைசி நேரத்தில் முன்னணியில் இருந்த மைல்ஸிடம், பின்னால் வரும் ஃபோர்டு கார் நெருங்கி வரட்டும், இரண்டும் சேர்ந்து கோட்டைக் கடக்கட்டும் என்று நிறுவனம் சொன்னது. கூட்டு வெற்றி என்ற அழகான புகைப்படத்தை அவர்கள் விரும்பினார்கள். ஆனால் புருஸ் மக்லாரனும் கிறிஸ் ஏமனும் ஓட்டிய கார் தொடக்கத்தில் சில மீட்டர் பின்னால் நின்றிருந்ததால், சம நேரத்தில் அதிகத் தொலைவு கடந்தது அதுவே என்று அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். மைல்ஸும் டெனி ஹல்மும் இரண்டாமவர் ஆனார்கள். ஒரே ஆண்டில் மூன்று பெரும் பந்தயங்களையும் வெல்லும் வாய்ப்பு மைல்ஸின் கையைவிட்டு அப்படிப் போனது. இரண்டு மாதங்களில் புதிய கார் ஒன்றின் சோதனை ஓட்டத்தில் அவர் உயிரிழந்தார். காரை வளர்த்தெடுத்த மனிதரிடம் வெற்றியைப் பறித்த அந்த முடிவை எந்தக் காரணம் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

1967இல் வந்த மார்க் 4 அமெரிக்காவிலேயே கட்டப்பட்டது. தேன்கூடு போன்ற அறைகளையுடைய அலுமினியத் தகடுகளால் ஆன அதன் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், விமானத் தொழிலிலிருந்து பெறப்பட்ட நுட்பம். டான் கர்னியும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் அதில் 388 சுற்றுகள், அதாவது 5,200 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டி வென்றார்கள். அமெரிக்க நிறுவனம், அமெரிக்க மண்ணில் கட்டிய கார், அமெரிக்க ஓட்டுநர்கள் என்று அனைத்தும் பொருந்தி லெ மானில் முதலிடம் கிடைத்தது அந்த ஒரு முறைதான். கன்னிங்ஹாமின் கனவு அவர் ஓட்டாத காரில் நிறைவேறியது. பரிசு மேடையில் கர்னி ஷாம்பெயின் புட்டியைக் குலுக்கிச் சுற்றியிருந்தவர்கள் மீது தெளித்தார். இன்று எல்லாப் பந்தயங்களிலும் காணும் வழக்கத்தின் தொடக்கம் அதுவே.

அதன்பின் விதி மாறியது. 1968 முதல் புரோட்டோடைப் எஞ்சின்களுக்கு மூன்று லிட்டர் வரம்பு வந்தது; குறைந்தது 50 கார்கள் கட்டப்பட்ட மாதிரிக்கு மட்டும் ஐந்து லிட்டர் வரை அனுமதி உண்டு. ஏழு லிட்டர் கார்கள் ஒரே நாளில் காட்சிப்பொருள் ஆயின, ஃபோர்டு விலகிக்கொண்டது. ஆனால் பழைய ஜிடி40 ஐம்பதுக்கும் மேல் கட்டப்பட்டிருந்ததால், ஐந்து லிட்டருக்குள் அடங்கும் வி8 எஞ்சினோடு அது தகுதி பெற்றது. இங்கிலாந்தில் ஜான் வையர் நடத்திய தனியார் அணி, கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் வெளிர்நீல வண்ணத்தில் ஒரே காரை இரண்டு ஆண்டுகள் ஓட்டி இரண்டிலும் வென்றது: 1968இல் பெத்ரோ ரொட்ரிகெஸும் லூசியன் பியாங்கியும், 1969இல் ஜாக்கி இக்ஸும் ஜாக்கி ஆலிவரும். 24 மணி நேரத்துக்குப்பின் போர்ஷேயைவிட இக்ஸ் முந்தியிருந்த தொலைவு சுமார் 120 மீட்டர். அமெரிக்க நிறுவனத்தின் பெயர் தாங்கிய கார் லெ மானை முழுமையாக வென்றது அன்றோடு நின்றுவிட்டது. 1975லும் 1980லும் வென்ற கார்களில் ஃபோர்டு பெயருள்ள காஸ்வொர்த் எஞ்சின் இருந்தது உண்மைதான். ஆனால் அது இங்கிலாந்தின் படைப்பு, கார்களும் ஃபோர்டின் கார்கள் அல்ல.

அதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தடையைக் கடைப்பிடிப்பதாகச் சொல்லிக்கொண்டே, டெக்ஸஸில் ஜிம் ஹால் நடத்திய சப்பரல் பட்டறைக்கு அமைதியாக உதவிவந்தது. கண்ணாடியிழைச் சேசிஸ், தானியங்கி கியர்பாக்ஸ், உயர்ந்த தூண்களில் நிறுத்திய இறக்கை என்று ஹாலின் கார்கள் காலத்தை மிஞ்சி நின்றன. கிளட்ச் மிதி இல்லாததால் ஓட்டுநரின் இடக்கால் சும்மா இருந்தது. அந்தக் காலால் இறக்கையின் சாய்வை மாற்றும்படி அமைத்தார்கள். வளைவில் காரைத் தரையோடு அழுத்தவும் நேர்ச்சாலையில் காற்றுத்தடையைக் குறைக்கவும் அது பயன்பட்டது. 1965இல் செப்ரிங், 1966இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டர், 1967இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் ஆகிய பந்தயங்களைச் சப்பரல் வென்றது. வென்ற எண்ணிக்கை குறைவு. ஆனால் பந்தயக் காரில் காற்றியக்கவியல் என்ற துறையே அங்கிருந்து வேகம் பிடித்தது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அமெரிக்க நிறுவனங்களின் கவனம் பெரும்பாலும் இம்ஸா என்ற உள்நாட்டுப் பந்தயத் தொடரில் இருந்தது. சர்வதேச அரங்குக்கு மீளும் பாதை ஜிடி பிரிவின் வழியே திறந்தது. கிரைஸ்லரின் பத்து சிலிண்டர் வைப்பர் கார்களைப் பிரான்சின் ஓரெகா அணி ஓட்டி, 1998 முதல் 2000 வரை லெ மானில் மூன்று முறை தன் பிரிவை வென்றது. 2000இல் டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தை முழுமையாகவும் வென்றது. அதையடுத்து கார்வெட் வந்தது. 1999இல் தொடங்கிய கார்வெட் ரேசிங் திட்டத்தை மிச்சிகனின் பிராட் அண்டு மில்லர் நிறுவனம் நடத்தியது. 2001இல் டேட்டோனாவில் முழு வெற்றி, 2001 முதல் 2023 வரை லெ மானில் ஒன்பது பிரிவு வெற்றிகள். ஃபோர்டின் வெற்றிகளே கதைகளில் இடம்பெறுகின்றன. இடைவிடாமல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதே மரபில் உழைத்த கார்வெட் அணியே, என் பார்வையில், அமெரிக்காவின் ஆழமான சாதனை.

2016இல் ஃபோர்டும் திரும்பியது. 1966 வெற்றியின் ஐம்பதாவது ஆண்டில் ஜோயி ஹேண்ட், டிர்க் முல்லர், செபாஸ்டியன் போர்டே ஆகியோர் புதிய ஃபோர்டு ஜிடியில் தங்கள் பிரிவை வென்றார்கள். அந்தக் காரில் வி8 இல்லை, 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6 எஞ்சின் இருந்தது. கார் கட்டப்பட்டது கனடாவில். இன்றைய ஜிடி பந்தயத்தில் 'செயல்திறன் சமநிலை' என்ற விதி உண்டு. வேகமான காருக்கு எடையைக் கூட்டியும் ஆற்றலைக் குறைத்தும், வெவ்வேறு வடிவமைப்புகள் நெருக்கமாகப் போட்டியிடுமாறு அமைப்பாளர்கள் சரிசெய்வார்கள். இதனால் பல நிறுவனங்கள் துணிந்து வருகின்றன. 1966 போல ஒரு நிறுவனம் பணத்தைக் கொட்டி மற்றவர்களை மூழ்கடிப்பது கடினமாகிவிட்டது.

முழு வெற்றிக்கான போட்டியில் இப்போது முன்னிற்பது, 1950இல் கன்னிங்ஹாம் கொண்டுசென்ற அதே காடிலாக். இதன் சேசிஸ் இத்தாலியின் டல்லாரா நிறுவனத்துடையது. எஞ்சினோடு மின்மோட்டாரும் இணைந்து இயங்கும் ஹைப்ரிட் அமைப்பு இந்த வகைக் கார்கள் அனைத்துக்கும் பொதுவானது. எஞ்சின் மட்டும் காடிலாக்கின் சொந்த 5.5 லிட்டர் வி8. 2023இல் லெ மானில் மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றது. 2025இல் அங்கே முதல் வரிசையின் இரண்டு இடங்களிலிருந்தும் புறப்பட்டது. 1967இல் ஃபோர்டு பெற்றதற்குப்பின் அமெரிக்கக் கார் ஒன்று அங்கே முன்னிடத்திலிருந்து தொடங்கியது அப்போதுதான். அடுத்த மாதம் பிரேசிலின் சாவோ பாலோவில் உலகச் சாம்பியன்ஷிப் பந்தயமொன்றை முதல் முறையாக வென்றது. ஃபோர்டு 2027இல் இதே உயர்பிரிவுக்கு வருவதாக அறிவித்திருக்கிறது; அதன் சேசிஸைக் கட்டப்போவது, முன்பு வைப்பரை ஓட்டிய அதே ஓரெகா.